நீர்நாய் கேட்டு வாங்கிய வெற்றி

துடுப்பன் என்ற நீர்நாய்க்கு ஒரே ஒரு ஆசை. ஒரு முறையாவது சறுக்குப் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆகிவிட வேண்டும்!

அது வாழ்ந்த ஆற்றிலிருந்து வெகு தூரம் வடக்கே, காட்டின் நடுவில் ஒரு பெரிய ஏரி இருந்தது. குளிர்காலம் வந்தால் ஏரித் தண்ணீர் முழுவதும் கல்லாக உறைந்துவிடும். உடனே பல நாட்டுக் காடுகளிலிருந்தும் விலங்குகள் வந்து கூடும். காலில் சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு, பனிக்கட்டி மேல் வழுக்கிக்கொண்டு பறக்கும்.

மொத்தம் நான்கு பந்தயங்கள். முதலாவது மிகக் குட்டை, நான்காவது மிக நீளம். நான்கில் மூன்றை ஜெயித்தால்தான் சாம்பியன். இரண்டு ஜெயித்தால் கைதட்டல் மட்டும்தான். மூன்று ஜெயிக்க ஆளில்லை என்றால் அந்த வருஷம் சாம்பியனே கிடையாது. தேவதாரு இலையில் கட்டிய மாலை கம்பத்தில் தொங்கியபடியே காய்ந்து போகும். இப்படியும் ஒரு சட்டமா என்று கேட்காதீர்கள். அது கரடி போட்ட சட்டம். குளிர்காலத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நடுவராக வந்து உட்கார்ந்திருக்கும் கரடியிடம் யார் போய் வாதாடுவது?

போன வருஷம் துடுப்பன் இரண்டு பந்தயங்களை ஜெயித்தது. மாலை கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அதற்குச் சாப்பாடு இறங்கவில்லை. மீன் பிடிக்கத் தண்ணீரில் குதித்தால் மீன் கண்ணில் படாது; மாலைதான் தெரியும். பாவம், அப்படி ஒரு ஏக்கம்!

இந்த வருஷம் முதல் பந்தயத்தை ஜெயித்தது. இரண்டாவதையும் ஜெயித்தது. மூன்றாவது பந்தயத்தில் பஞ்சு என்ற பனிமுயல் அதை முந்திவிட்டது. பஞ்சு இந்த ஏரிக்குப் புதிது. மெலிந்த உடம்பு, நீளக் கால்கள். ஓடி முடித்தபோதும் அதற்கு மூச்சு வாங்கவில்லை.

இனி ஒரே ஒரு பந்தயம்தான் பாக்கி. அதுவும் நீளமான பந்தயம். துடுப்பன் நேராக முயலிடம் போனது.

"தம்பி, ஒரு நிமிஷம்!"

"சொல்லுங்கண்ணே!"

"அடுத்த பந்தயத்துல நீ ஜெயிச்சா உனக்கு எத்தனை ஆகும்?"

"ரெண்டு ஆகும்."

"ரெண்டுக்கு மாலை போடுவாங்களா?"

"போட மாட்டாங்க."

"எனக்கும் ரெண்டுதான். எனக்கும் போட மாட்டாங்க! உனக்கும் இல்லாம, எனக்கும் இல்லாம அந்த மாலை இந்த வருஷமும் வீணாப் போகணுமா?"

முயல் காதைச் சொறிந்தது. "அதுக்கு நான் என்னண்ணே பண்ணணும்?"

"கடைசித் திருப்பத்துல கொஞ்சம் மெதுவா வா. அது போதும்!"

"அப்படி ஓடினா அது பந்தயமாண்ணே?"

"யாருக்குத் தெரியப் போகுது? உனக்கு ஒண்ணும் குறையாது. எனக்கோ இதுதான் உசுரு!" சொல்லும்போதே துடுப்பனின் கண்கள் நிறைந்துவிட்டன. அது நடிப்பில்லை. உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

முயலுக்கு இளகிய மனசு. குனிந்து சறுக்குக் கட்டைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டது. பிறகு, "சரிண்ணே" என்றது.

"ஓடுங்கள்!" என்று கரடி உறுமியது. இரண்டும் பாய்ந்தன. மற்ற விலங்குகள் வெகு சீக்கிரம் பின்தங்கிவிட்டன. துடுப்பனும் பஞ்சுவும் மட்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு போயின. ஒரு திருப்பத்தில் இது முந்தும், மறு திருப்பத்தில் அது முந்தும். துடுப்பன் இவ்வளவு நன்றாக ஒருநாளும் ஓடியதில்லை. மூச்சு இன்னும் மிச்சம் இருந்தது. கால்களில் வலுவும் மிச்சம் இருந்தது. 'அடடா, நானே ஜெயித்துவிடுவேன் போலிருக்கிறதே!' என்று நினைத்தது.

கடைசித் திருப்பம் வந்தது. "வேண்டாம் தம்பி, மெதுவா வராதே!" என்று கத்த வேண்டும் போல அதற்கு இருந்தது. வாய் வரை வந்த சொல் வெளியே வரவில்லை. ஒருவேளை முயல் ஜெயித்துவிட்டால்?

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த சறுக்குச் சத்தம் மெல்லப் பின்னால் போனது.

ஏரிக்கரை முழுவதும் ஒரே ஆரவாரம்! "சாம்பியன்! சாம்பியன்!" என்று எல்லாரும் குதித்தார்கள். கரடி கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து துடுப்பனின் கழுத்தில் மாலையைப் போட்டது. "அப்பாடா, இனி தூங்கலாம்!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

துடுப்பன் சிரித்தது. எல்லாருக்கும் தலையாட்டியது. ஆனால் அதன் கண்கள் முயலைத்தான் தேடின. முயல் ஏரியின் மறு கரையில் உட்கார்ந்து கட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தது. துடுப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அங்கே ஓடியது.

"தம்பி, உண்மையைச் சொல்லு! நீ மெதுவா வராம இருந்தா யார் ஜெயிச்சிருப்பா?"

"தெரியலண்ணே!" என்றது முயல். "நீர்நாய்க்கு மூச்சு அதிகம்னு எங்க ஊர்ல பேசிக்குவாங்க. நீளப் பந்தயத்துல உங்களோட முழுசா ஓடிப் பார்க்கணும்னுதான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்."

"அப்படின்னா வா! இப்பவே ஓடிப் பார்த்துடலாம்!"

முயல் மாட்டேன் என்று தலையை ஆட்டியது. "இனிமே ஓடி என்னண்ணே பிரயோஜனம்? நான் தோத்தா, மறுபடியும் விட்டுக்கொடுத்துட்டான்னு நினைப்பீங்க. எத்தனை தடவை ஓடினாலும் அந்தச் சந்தேகம் உங்களை விடாது. நான் வரேண்ணே!"

கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு முயல் வடக்கே நடந்தது. பின்னால் போவதா நிற்பதா என்று தெரியாமல், சாம்பியன் நின்ற இடத்திலேயே நின்றது.

கெஞ்சி வாங்கிய வெற்றி கையில் இருந்தாலும், ஜெயித்தோமா இல்லையா என்ற சந்தேகம் மட்டும் கடைசி வரை தீராது.