சோளையனுக்குக் கிடைத்த முத்திரை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குத் தும்மல் வந்தால் ஊர் முழுவதற்கும் கஷாயம் காய்ச்சிய காலத்தில், மகுடவர்த்தனர் என்றொரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் எது அவர் கண்ணில் பட்டாலும் மத்தியானத்துக்குள் அது சட்டமாகிவிடும்.

ஒரு நாள் யானைமேல் உலா போனவர், தானியக் கிடங்கு ஒன்றின் வாசலில் கூலிக் காவல்காரன் ஈட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குறட்டை விடுவதைக் கண்டார். பக்கத்தில் இரண்டு ஆடுகள் மூட்டையைப் பிரித்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தன. ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அரண்மனைக்குத் திரும்பியதும் ஆணை பிறந்தது.

"இனி நம் நகரத்தில் கூலிக்குக் காவல் பார்ப்பவன் எவனாயினும் அவனை நகரசபை ஆராய்ந்து, தகுதி கண்டு, முத்திரை ஓலை வழங்க வேண்டும். முத்திரையில்லாதவன் காவல் கம்பைத் தொட்டால் நாடு கடத்தப்படுவான்."

நகரசபைத் தலைவர் அதிரூபருக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. அவருடைய மைத்துனன் பூபாலன், காவலுக்கு ஆள் அனுப்பும் தொழில் தொடங்கி ஆறு மாதமாக ஈயோட்டிக்கொண்டிருந்தான். அதிரூபர் சம்மணமிட்டு உட்கார்ந்து விதிகளை எழுதினார். காவலுக்கு வருபவன் ஓர் இடத்தில் மூன்று வருஷம் காவல் நின்றதற்கு நற்சான்று காட்ட வேண்டும். குடியும் திருடர் சகவாசமும் கூடாது. அவன்மேல் எவரும் ஒரு புகார்கூடக் கொடுத்திருக்கக் கூடாது.

கேட்க எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. இதோடு சபைக்கு நெடுநாள் வழக்கம் ஒன்றும் உண்டு. மனுக் கொடுப்பவன் சபைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. எதிர்ப்பக்கத்துப் புங்கமரத்தடியில் நிற்க வேண்டும். ஓலை மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே போகும். ஆளைப் பார்த்தால் மனம் இளகிவிடுமாம். வெற்றிலையை மடித்துக்கொண்டே சபையார் இப்படித்தான் விளக்கம் சொல்வார்கள்.

பூபாலனின் ஆட்கள் நூறு பேருக்கும் ஒரே அமர்வில் முத்திரை விழுந்தது. அவர்கள் ஒரு நாளும் காவல் பார்த்ததில்லை, அதனால் புகாருக்கே இடமில்லை. நற்சான்றுகளை அதிரூபரின் சம்பந்திமார் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

துணி வணிகர் தெருவில் பன்னிரண்டு வருஷமாகக் காவல் பார்த்த இருளாண்டியின் ஓலையோ போன வேகத்தில் திரும்பி வந்தது. பதினேழு திருடர்களைப் பிடித்துக் கொடுத்தவன் அவன். அவன்மேல் பதினொரு புகார்கள் இருந்தன.

அவன் நேராக அதே தெருவில் குடியிருந்த அரசவை விதூஷகரிடம் போனான். விதூஷகரின் பெயர் உலகளந்தான். பெயர்தான் அவ்வளவு பெரிது, ஆள் மூன்று முழத்துக்குமேல் இல்லை.

"சாமி, இந்தத் தெருவுல ஒரு முழத் துணி களவு போனதுண்டா, நீங்களே சொல்லுங்க," என்றான் இருளாண்டி. "இப்ப நான் கம்பெடுத்தா நாடு கடத்துவாங்களாம். வேற வேலையும் எனக்குத் தெரியாது. மூணு பொட்டப்புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போயி நிக்கிறது?"

"புகார் கொடுத்தவங்க யாருப்பா?"

"நான் புடிச்ச திருடனுங்கதான் சாமி. கையை முறுக்கிட்டேன், ஓட விடாம மறிச்சிட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கானுங்க. அதுல பொய் ஒண்ணுமில்ல."

உலகளந்தானுக்குச் சிரிப்பு வந்தது. இருளாண்டியின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. எத்தனையோ ராத்திரிகள் இவனுடைய கம்புச் சத்தத்தை நம்பித்தான் அவர் கதவைத் தாழிடாமல் தூங்கியிருக்கிறார்.

மறுநாள் அரசவையில் அவர் எழுந்து, "மகாராஜா, தங்கள் நகரசபையின் சல்லடை மிக நுட்பமானது. அரிசியைக் கீழே கொட்டிவிட்டு உமியைப் பத்திரமாகப் பிடித்து வைக்கிறது," என்றார்.

அதிரூபருக்கு உலகளந்தானைக் கண்டாலே ஆகாது. இப்படி ஒரு நாளுக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

"பிரபு, விதிகளைப் பரிகசிப்பது எளிது," என்றார் அவர் பணிவாக. "இவர் தாமே ஒரு காவல்காரனைக் கொண்டுவரட்டும். மூன்று வருஷம் ஒரே இடத்தில் காவல் நின்றவனாக, ஒரு புகாரும் இல்லாதவனாக இருக்க வேண்டும். அவன் தேறினால் இருளாண்டியின் மனுவைத் தாங்களே மறுபடி விசாரியுங்கள். தேறாவிட்டால் இருளாண்டியோடு இவரும் நாட்டைவிட்டுப் போகட்டும்."

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் உயிர். "அப்படியே ஆகட்டும். மூன்று நாள் தவணை," என்றார்.

வீட்டுக்கு வந்த உலகளந்தான் இரண்டு நாள் ஊரெல்லாம் அலைந்தார். ஒழுங்காகக் காவல் பார்த்த எவன்மேலும் யாராவது ஒருவன் புகார் சொல்லியிருந்தான். ஒரு காவல்காரன்மேல் அவன் மாமியாரே கொடுத்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில் கால் ஓய்ந்துபோய், நகரத்துக்கு வெளியே செங்கமலம் என்ற விவசாயியின் சோளக்கொல்லை வரப்பில் உட்கார்ந்தார். நாடு கடத்தினால் எந்தத் திசையில் நடப்பது என்றுகூட யோசித்துவிட்டார்.

நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஒருவன் நின்றான். மூங்கில் உடம்பு, வைக்கோல் வயிறு, கரி பூசிய சட்டித் தலை.

"இவன் எவ்வளவு நாளா நிக்கிறான், தாயி?"

"சோளையனையா கேக்குறீங்க? மூணு வருசம் ஆச்சு," என்றாள் செங்கமலம், களை பிடுங்கிய கையை உதறிக்கொண்டு. "எம் புருசன் ஒரு நாளு நின்னா மறுநாளு இடுப்புப் புடிச்சுக்கிச்சும்பாரு. இவன் பரவால்ல."

"அதை ஓலையில எழுதித் தருவியா? உள்ளது உள்ளபடி எழுதினாப் போதும்."

அன்று பிற்பகல் சோளையன் ஒரு பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு புங்கமரத்தடியில் சாய்ந்து நின்றான். உலகளந்தான் ஜன்னலண்டை நின்றார். உள்ளே சபை எழுத்தர் ஓலையை வாசித்தார்.

"சோளையன் என் கொல்லையில் மூன்று வருஷமாகக் காவல் நிற்கிறான். ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. மழைக்கு ஒதுங்கியதில்லை. கள்ளைத் தொட்டதில்லை. யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. என்னை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. இப்படிக்கு, செங்கமலம்."

சபையார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். அதிரூபர் புகார்க் கட்டை அவிழ்க்கச் சொன்னார். எழுத்தர் மூன்று முறை தேடினார். சோளையன் பேரில் ஒன்றும் இல்லை.

"இந்நகரில் அவனுக்கு உறவினர் உண்டா?" என்று கேட்டார் அதிரூபர் ஜன்னல் வழியாக.

"ஒருவரும் இல்லை, ஐயா."

"திருடர் சகவாசம்?"

"காக்கைகளைத் தவிர எவரும் அவனிடம் நெருங்கியதில்லை."

"உடற்கட்டு எப்படி?"

"கொஞ்சம் ஒல்லி."

ஒல்லியாக இருக்கக் கூடாது என்று விதியில் இல்லை. சபையிலேயே வயதில் மூத்தவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆளை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டால் என்ன?" என்றார்.

அதிரூபர் அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். ஓர் ஆளைப் பார்த்தால் எல்லா ஆளையும் பார்க்க வேண்டிவரும். பூபாலனின் நூறு பேரையும் யாராவது பார்க்கக் கேட்பார்கள். "சபையின் வழக்கத்தை இவனுக்காகவா மாற்றுவது?" என்று அதட்டிவிட்டு, வேறு வழியின்றி முத்திரையை எடுத்து ஓலையில் அழுத்தினார்.

மறுநாள் அரசவைக்கு உலகளந்தான் காவல்காரனைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். சிம்மாசனத்துக்கு எதிரே நிறுத்தியபோது சட்டித் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"இது என்ன?" என்றார் ராஜா.

"தங்கள் நகரசபை ஆராய்ந்து, தகுதி கண்டு, முத்திரை வழங்கிய காவல்காரன், மகாராஜா."

"மோசடி, பிரபு," என்றார் அதிரூபர். "வைக்கோல் பொம்மையை மனிதன் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்."

"மனிதன் என்று நான் எங்கும் சொல்லவில்லை. தாங்களும் கேட்கவில்லை. ஓலையில் ஒரு சொல் பொய் என்று காட்டுங்கள், இப்போதே எல்லையைத் தாண்டுகிறேன்."

ராஜா ஓலையை வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறகு அதிரூபரைப் பார்த்தார். "நீர் ஏன் ஆளைப் பார்க்கவில்லை?"

"அது வழக்கம் இல்லை, பிரபு."

"அப்படியானால் பூபாலனின் ஆட்களையும் யாரும் பார்க்கவில்லை. அந்த நூறு பேரும் இப்போதே வரட்டும்."

வந்தவர்கள் நாற்பது பேர். பாதிப் பேர் கையில் கரண்டிக் காய்ப்பு இருந்தது. கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்கள் அவர்கள். மிச்ச அறுபது பேர் எங்கே என்று ராஜா கேட்டார். பூபாலன் தலையைச் சொறிந்தான்.

"ஓலையில இருக்காங்க, மகாராஜா."

"சோளையன் அவர்களைவிட மேல், மகாராஜா," என்றார் உலகளந்தான். "இவன் வெயிலிலாவது நிற்கிறான்."

ராஜாவின் மீசை துடித்தது. அது கோபமா சிரிப்பா என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. அவர் இருளாண்டியின் புகார்க் கட்டைக் கொண்டுவரச் சொல்லித் தாமே படித்தார். 'சுவரேறும்போது காலைப் பிடித்து இழுத்தான்' என்றது ஒன்று. 'எவ்வளவு கெஞ்சியும் விடவில்லை' என்றது இன்னொன்று. ஆறாவது ஓலையில் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"இந்தப் பதினொன்றையும்விட நல்ல நற்சான்று என் ராஜ்யத்தில் எவனிடம் இருக்கிறது? இருளாண்டிக்கு என் கையாலேயே முத்திரை இடுகிறேன்," என்றார். வாசற்படியோரம் நின்ற இருளாண்டி அங்கேயே உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதுவிட்டான். உலகளந்தானுக்கும் கண் கரித்தது. அவர் குனிந்து சோளையனின் போர்வையைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தார்.

"உலகளந்தானே, இன்று முதல் காவல்காரரை ஆராயும் பொறுப்பு உம்முடையது," என்றார் ராஜா.

"மன்னிக்க வேண்டும் மகாராஜா, விதிப்படி எனக்குத் தகுதியில்லை. என்மேலும் புகார் உண்டு."

ராஜா அரண்மனை எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் தயங்கித் தயங்கி, "நாற்பத்திரண்டு, பிரபு. அத்தனையும் இந்த அவையில் இருப்பவர்கள் கொடுத்தவை," என்றார்.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. அதைக்கூட எடுக்காமல், தம் தோளில் இருந்த பட்டுப் பீதாம்பரத்தை எடுத்து உலகளந்தானுக்குப் போர்த்தினார். "நாற்பத்திரண்டு நற்சான்றா? இன்னும் ஒன்று வந்தால் மந்திரியாகவே ஆக்கிவிடுகிறேன்," என்றார்.

அதிரூபர் அதற்குள் நாற்பத்துமூன்றாவது ஓலையை இடுப்பிலிருந்து பாதி உருவியிருந்தார். ராஜா சொன்னது காதில் விழுந்ததும், யாரும் பார்க்குமுன் அதை மறுபடி உள்ளே செருகிக்கொண்டார்.