இருளாயியின் கக்கூஸ் குழி

"மண்ணுக்குள்ள பழங்காலத்துத் தாழி இருக்கு, ஒரு சாண் தோண்டினாலும் ஜெயில்தான்" என்று மிரட்டித்தான் தொல்லியல் அதிகாரி இருளாயியின் கக்கூஸ் குழியை மூடவைத்தார். அவள் மகள்கள் இன்னும் கருவேலங்காட்டுக்குத்தான் போகிறார்கள்.

அதே ஆள், அவள் வேலியை ஒட்டின பொட்டலில் செல்போன் டவர் கட்டலாமா என்று பார்க்க வந்தார். எங்கே பார்த்தார்? ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. "இங்க ஒண்ணும் கிடையாது, தோண்டுங்க" என்று கம்பெனி இன்ஜினியரிடம் சொல்லிவிட்டார். 

இருளாயி கடப்பாரையோடு வந்தாள். "நல்லதாப் போச்சு சார். அப்ப நானும் தோண்டிக்கிறேன்."

"உனக்கு எத்தனை தடவை சொல்றது? உன் இடத்துக்குக் கீழ தாழி இருக்கு."

"வரிசையா வந்த தாழியெல்லாம் என் வேலியப் பார்த்ததும் நின்னுருச்சா சார்?"

இன்ஜினியர் முகம் மாறியது. "சார், நாளைக்கு வேலை பாதியில நின்னா யாரு பதில் சொல்றது? இறங்கி ஒழுங்காப் பாருங்க."

அதிகாரி இறங்கிப் பொட்டலைப் பார்த்து நடந்தார். இருளாயி குறுக்கே போய் நின்றாள்.

"முதல்ல எங்க குழிக்கு ஒரு இடம் பார்த்துச் சொல்லுங்க சார். டவர் காத்திருக்கும், வயிறு காத்திருக்காது."