பட்டியலின் தலையில் எண்ணிக்கை ஏறிய கதை

அந்தக் காலத்தில் கணினிகள் ஊருக்கு ஒரு தமிழ் பேசின. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் பொதுவான ஏற்பாடு கிடையாது. எழுத்துரு செய்தவர் வைத்ததே எண். ஓர் ஊரில் அடித்ததை இன்னோர் ஊரில் திறந்தால் வாயில் நுழையாத ஏதோ ஒன்று திரையில் நிற்கும்.

தென்கரையில் ஒரு மீனவர் சங்கமும் வடகரையில் ஒரு துறைமுக அலுவலகமும் இருந்தன. இரண்டுக்கும் எழுத்துரு செய்து கொடுத்தவர் சற்குணம். அதனால் ஒருவர் அனுப்பியதை மற்றவர் படிக்க முடிந்தது. ஒருமுறை துறைமுகத்தார் வடமொழி எழுத்து இரண்டு கூடுதலாகக் கேட்டார்கள். இடம் போதவில்லை. சற்குணம் ஞ-வைத் தூக்கி இருபத்தாறாம் எண்ணில் வைத்தார். அது எழுத்துக்கான எண்ணே அல்ல. ‘கோப்பு இத்தோடு முடிந்தது’ என்று கணினிக்குச் சொல்லும் குறி அது. துறைமுகத்துக் கணினியில் மட்டும் அதை ஞ என்று காட்டும்படி செய்துவிட்டார்.

“தெற்கே சொல்ல வேண்டாமா சார்?” என்று கேட்டார் துறைமுக எழுத்தர்.

“ஞ-வுல எத்தனை வார்த்தை வரப்போவுது? அடுத்த மாசம் அங்க போறப்ப மாத்திக் குடுத்துடறேன்.”

அதற்குள் புயல் வந்துவிட்டது. தென்கரைப் படகுகள் சிதறின. கடலில் கிடந்தவர்களை யார் யாரோ தூக்கி, வெவ்வேறு ஊர்களில் இறக்கினார்கள். துறைமுக எழுத்தர் விசாரித்து, யார் எந்த ஆஸ்பத்திரியில் என்று அகர வரிசையில் பட்டியல் அடித்துத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பினார்.

சங்கத்தில் தட்டச்சு வேலை பார்த்தவள் கிளாடிஸ். அவள் கோப்பைத் திறந்தபோது முதுகுக்குப் பின்னால் ஊரே நின்றது. அந்தோணி, இன்னாசி, கஸ்பார், சிலுவை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வீட்டார் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். நாலாவது பெயருக்குக் கீழே ஒரு சின்ன அம்புக்குறி. அதற்கப்புறம் வெறுமை.

கடலுக்குப் போன ஞானதிரவியத்தின் மனைவி மரியபுஷ்பம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“கடைசில ஏதோ கெடக்கே, அது என்ன கிளாடிஸ்?”

“அது குப்பை மைனி. வேற ஊர்ல இருந்து வந்தா இப்படி ஏதாச்சும் ஒட்டிக்கிட்டு வரும்.”

“நல்லாப் பாரேன்.”

“பாத்துட்டேன் மைனி. நாலு பேருதான்.”

பங்குச் சாமியாருக்கு அச்சடித்துக் கொடுக்க வேண்டிய தாள். சுத்தமாக இருக்கட்டும் என்று கிளாடிஸ் அந்தக் குறியை அழித்தாள். கோப்பைச் சேமித்தாள். திரைக்கு வராமல் பின்னால் கிடந்ததெல்லாம் அத்தோடு போயிற்று.

நாலு வீட்டார் வேன் பிடித்துப் போனார்கள். மற்ற வீடுகளில் துக்கம் தொடங்கியது. ஏழாம் நாள் பூசையில் மரியபுஷ்பம் தாலியைக் கழற்றிப் பீடத்தில் வைத்தாள்.

எட்டாம் நாள் காலை, புயலன்று கடலுக்குப் போயிருந்த ததேயு பேருந்திலிருந்து இறங்கினான். கையில் கட்டோடு, தன் வீட்டு வாசலில் தனக்காகப் போட்டிருந்த பந்தலுக்குள் நுழைந்தான்.

“ஏன் ஒருத்தரும் வரல? லிஸ்ட் அனுப்பியாச்சுன்னு சொன்னாங்களே!” என்று கத்தினான்.

கிளாடிஸ் துறைமுகத்துக்குத் தொலைபேசி போட்டாள்.

“ஒன்பது பேர் அனுப்பினேனேம்மா,” என்றார் எழுத்தர். “அஞ்சாவது ஞானதிரவியம். ஆறாவது ததேயு.”

அவள் கேட்டதையே மறுபடி கேட்டாள். அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார். முதல் எழுத்து ஞ என்றதும், அதை முடிவுக் குறியின் எண்ணுக்கு மாற்றியதைத் தெற்கே சொல்லவில்லை என்று அவரே சொன்னார்; தான் குப்பை என்று அழித்த அம்புக்குறிதான் அந்த ஞ என்பது கிளாடிஸுக்குப் புரிந்தது.

மரியபுஷ்பம் அன்று மாலையே அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். கட்டில் காலியாக இருந்தது.

“நேத்து மத்தியானம் போயிட்டாரும்மா. காயம் சீழ் வச்சிடுச்சு,” என்றாள் நர்ஸ். “உங்க ஊருக்குப் பேரு போயாச்சு, வந்துடுவாங்கன்னு தினமும் நான்தான் சொல்லிட்டிருந்தேன். வாசலப் பாக்குற மாதிரி கட்டிலத் திருப்பிப் போடச் சொன்னாரு. போட்டுக் குடுத்தோம்.”

மரியபுஷ்பம் அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, அவர் பார்த்த திசையில் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

சற்குணம் வந்து ஞ-வை இடம் மாற்றிக் கொடுத்தார். அரை மணி நேர வேலை. கிளாடிஸ் மன்னிப்புக் கேட்கப் போனபோது மரியபுஷ்பம் கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை.

“நான் கேட்டேன்லா,” என்று மட்டும் சொன்னாள்.

அன்று முதல்தான், அந்தக் கரையில் எந்தப் பெயர்ப் பட்டியல் வந்தாலும் முதல் வரியில் மொத்தம் எத்தனை பேர் என்று எழுத்தால் எழுதியிருக்கும். அதை எண்ணிச் சரிபார்க்காமல் ஒரு பெயரையும் யாரும் சத்தமாக வாசிப்பதில்லை.