மயிற்கண் காலணி

ஆலங்காட்டுக் குளம் கோடையில் சேறாகச் சுருங்கிவிடும். நடுக்குழியில் மட்டும் கொஞ்சம் தெளிந்த நீர் நிற்கும். முதலில் குடிப்பவருக்குத் தெளிந்த நீர், மற்றவர்களுக்குக் கலங்கல். அந்த முதல் உரிமைக்காக விலங்குகள் ஆண்டுதோறும் ஓட்டப்பந்தயம் வைத்தன.

குளத்தங்கரை ஈரச் சேறுதான் பந்தயத்தின் எல்லை. அங்கே யாருடைய தடம் முன்னால் விழுந்திருக்கிறதோ, அவரே வென்றவர். நடுவரான கொக்கு எல்லாருடைய வெறுங்காலையும் முன்கூட்டியே களிமண்ணில் பதித்து வைத்துக்கொள்ளும். பந்தயம் முடிந்ததும் ஒத்துப் பார்க்கும். ஏமாற்ற வழியே கிடையாது.

அந்த வருடம் தூக்கணாங்குருவி ஓலையில் காலணி பின்னியது. அடியில் அழகான மயிற்கண் முத்திரை. காடே அதன் பின்னால் அலைந்தது. ஆமைகூட நான்கு காலுக்கும் வாங்கி மாட்டிக்கொண்டது. எங்கே ஓடப்போகிறது என்று கேட்காதீர்கள், அதற்கும் ஆசை இருக்காதா?

கொக்கும் அந்த முத்திரையில் மயங்கிப்போனது. மயிற்கண் போட்டவர்கள் எல்லாரும் நம்பகமானவர்கள், புதுக் காலணியைக் கழற்றச் சொல்வது மரியாதையில்லை என்று காலடிப் பதிவையே நிறுத்திவிட்டது.

மருதி என்ற சருகுமானும் காலணி போட்டுக்கொண்டது. காலணி இல்லாதவருக்குப் பந்தயத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்களே! மருதிக்கு மயிற்கண்ணும் பெரிதில்லை, பேரும் பெரிதில்லை. அதன் குட்டிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். கலங்கல் நீரைக் குடித்தால் வாந்தி எடுத்தது. கண்ணைக்கூட முழுதாகத் திறக்க முடியாமல் கரையில் படுத்திருந்தது.

விடியற்காலை மூடுபனியில் பந்தயம் நடந்தது. எல்லாரும் முட்டி மோதிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பனி விலகியபோது, முதல் தடத்தின் பக்கத்தில் மருதியும் நின்றது, நரியும் நின்றது. இரண்டும் அது தன்னுடையதுதான் என்றன.

கொக்கு குனிந்து பார்த்தது. மயிற்கண். அடுத்த தடமும் மயிற்கண். எல்லாமே மயிற்கண். அளவிலும் வித்தியாசம் இல்லை. குருவி ஒரே அளவில் பின்னியிருந்தது, சின்னக் கால்காரர்கள் இலவம்பஞ்சை அடைத்துக்கொண்டு ஓடியிருந்தார்கள்.

"மருதி, முதலில் வந்தது நீதான் என்பதற்கு ஏதாவது அடையாளம் உண்டா?" என்று கொக்கு சங்கடத்தோடு கேட்டது.

"என் காலைப் பதித்து வைக்காதது நீங்கள்தானே ஐயா. நான் எதைக் காட்டுவேன்?" என்றது மருதி. கொக்குக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

கொஞ்சம் யோசித்த கொக்கு, மருதியையும் நரியையும் புதருக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னது. பிறகு குட்டியை மெல்ல எழுப்பி, தடங்கள் கிடந்த சேற்றுக்கு அழைத்து வந்தது. ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

குட்டி தள்ளாடித் தள்ளாடி நடந்தது. கடைசித் தடத்தை முகர்ந்தது. அடுத்ததை முகர்ந்தது. ஒவ்வொன்றாக முகர்ந்தபடி முன்னால் வந்தது. ஓலைப் பின்னல் வழியே கசிந்த வியர்வை எல்லாத் தடத்திலும் இருந்தது. முதல் தடத்துக்கு வந்ததும் குட்டி நின்றது. மூக்கைச் சேற்றில் வைத்து அழுத்தியது.

"அம்மா," என்றது. பிறகு அந்தத் தடத்தின் மேலேயே சுருண்டு படுத்துக்கொண்டது.

புதருக்குப் பின்னாலிருந்து நரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது. "அது என் தடம் இல்லை. நான் நாலாவதாகத்தான் வந்தேன்," என்றது.

மருதி ஓடி வந்து குட்டியை நக்கிக் கொடுத்து நடுக்குழிக்கு அழைத்துப் போனது. குட்டி வயிறு நிறையத் தெளிந்த நீரைக் குடித்தது. அதுவரை யாரும் குளத்தில் கால் வைக்கவில்லை. அடுத்த கோடையில் எல்லாரும் மயிற்கண் காலணியோடுதான் வந்தார்கள், ஆனால் அதைக் கழற்றி வெறுங்காலைக் களிமண்ணில் பதித்த பிறகே கொக்கு அவர்களை ஓடவிட்டது.

போட்டிருக்கும் முத்திரையை நம்பி ஆளைப் பார்க்காமல் விட்டால், உண்மையாய் உழைத்தவருக்குத்தான் அநியாயம் நேரும்.