இருவாச்சி ஒளித்த மண்கட்டி

மஞ்சமூக்கன் என்னும் இருவாச்சிப் பறவைக்கு அன்று ஒரே கோபம். மனைவி வெண்வாலி முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. போன வருஷம் குஞ்சு பொரித்த மரப்பொந்திலோ ஒரு மரநாய் சுகமாகப் படுத்திருந்தது!

“இது எங்க வீடு! வெளியே வா!” என்று கத்தினான் மஞ்சமூக்கன்.

“காலியா இருந்துச்சு, மழைக்கு ஒதுங்கினேன். உங்க வீடுதான்னு எப்படி நம்புறது?” என்று கொட்டாவி விட்டது மரநாய்.

வழக்கு காட்டெருதிடம் போனது. அந்தக் காட்டுக்கு அதுதான் நீதிபதி. எதையும் நன்றாக அசைபோட்ட பிறகே வாயைத் திறக்கும்.

“நாலு நாள் கழிச்சு விசாரணை. ஆனா, நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் அத்தி மரத்தடிக்கு வாங்க. யார்கிட்ட என்ன சாட்சியம் இருந்தாலும் எதிராளிக்குக் காட்டிடணும். அங்கே காட்டாத எதுவும் என் சபையில செல்லாது!”

மஞ்சமூக்கனிடம் அருமையான சாட்சியம் ஒன்று இருந்தது. பெண் இருவாச்சி பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டுதான் அடைகாக்கும். போன வருஷம் வெண்வாலி உடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது விழுந்த மண்கட்டி அது. அவளுடைய வெள்ளை இறகும் ஒன்று அதில் ஒட்டியிருந்தது. பொந்தின் விளிம்பில் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும்.

“இதைக் காட்டிடுங்க. நாளைக்கே வழக்கு முடிஞ்சிடும்” என்றாள் வெண்வாலி.

“அட, போ! முன்னாடியே காட்டிட்டா அது ஏதாவது சாக்கு தேடிக்கும். சபையில சட்டுன்னு எடுத்து நீட்டணும். காடே வாயைப் பிளக்கணும்!”

மறுநாள் மரநாய் தன் சருகுப் படுக்கையைக் கொண்டுவந்து காட்டியது. அதனிடம் இருந்ததே அவ்வளவுதான். மஞ்சமூக்கன் ஒப்புக்கு ஒரு காய்ந்த விதையைக் காட்டிவிட்டு விர்ரென்று பறந்தான். அவனுக்கு ஒத்திகை இருந்தது! மூன்று நாளும் பாறை மேல் நின்று, இறக்கையை விரித்துப் பேசிப் பேசிப் பார்த்தான். மனைவி ஏதோ சொல்ல வந்தபோதெல்லாம், “உஷ்! வசனம் மறந்துடும்!” என்று விரட்டினான்.

விசாரணை நாள் வந்தது. குரங்குகள் விடியும் முன்பே கிளைகளில் இடம் பிடித்துவிட்டன.

“ஐயா, நான் ஒண்ணு சொல்லிடறேன்...” என்று எழுந்தது மரநாய்.

“பேசாதே! வழக்கு போட்டவன் நான். நான்தான் முதல்ல!” என்று அதட்டினான் மஞ்சமூக்கன்.

பேசினான், பேசினான், வெயில் உச்சிக்கு வரும்வரை பேசினான். கடைசியில் மண்கட்டியைத் தூக்கிக் காட்டினான். குரங்குகள் கைதட்டின.

காட்டெருது மெல்ல அசைபோட்டது. “இதை அத்தி மரத்தடியில காட்டினியா?”

“இல்லைங்க ஐயா...”

“அப்போ செல்லாது.”

“ஐயா! உண்மையான சாட்சியம் ஐயா!”

“இருக்கட்டுமே. எதிராளி அதைப் பொருத்திப் பார்க்க வேண்டாமா? பதில் யோசிக்க வேண்டாமா? கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சியே, அப்பா!”

மஞ்சமூக்கனின் கம்பீரமெல்லாம் வடிந்துவிட்டது. கைதட்டலுக்கு ஆசைப்பட்டு வீட்டையே தோற்றுவிட்டோமே என்று அவனுக்கு அழுகையே வந்தது.

“வெண்வாலி, நம்ம குஞ்சுகளுக்கு வீடு இல்லாம பண்ணிட்டேனே!”

“அழாதீங்க” என்றாள் வெண்வாலி. “அன்னிக்கு நீங்க பறந்து போனதும், நான் அந்த மண்கட்டியை எடுத்துட்டுப் போய் அத்தி மரத்தடியிலேயே மரநாய்க்குக் காட்டிட்டேன். அப்புறம் எடுத்த இடத்துலேயே வச்சுட்டேன். வீடு எனக்கும்தானே?”

“என்னது!”

“ஆமா அண்ணே” என்றது மரநாய். “பொந்துல வச்சுப் பார்த்தேன், அப்படியே பொருந்திச்சு. உங்க வீடுதான். அன்னிக்கே காலி பண்ணிட்டு பலா மரத்துக்குப் போயிட்டேன். அதைச் சொல்லத்தான் காலையில எழுந்தேன், நீங்க விட்டாத்தானே!”

“அப்போ மூணு நாளா வீடு காலியாவா இருந்துச்சு?”

“காலியாத்தான் இருந்துச்சு. நீங்கதான் பாறை மேல பேசிக்கிட்டு இருந்தீங்க!” என்றாள் வெண்வாலி.

காடே விழுந்து விழுந்து சிரித்தது. காட்டெருதுக்குப் புரையேறிவிட்டது. மஞ்சமூக்கனும் வெட்கத்தோடு சிரித்தான். பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசாமல், வாசல் பூச மண் எடுக்க ஓடைக்குப் பறந்தான்.

வழக்கென்று வந்துவிட்டால் கையிலிருப்பதை எதிராளிக்கு முதலிலேயே காட்டிவிட வேண்டும். ஒளித்து வைத்த உண்மை, உரியவனுக்கே உதவாமல் போகும்.