பால் பொங்கிய பாட்டு

ராப் பாடகர் ருத்ரேஷுக்கு அன்று தலைகால் புரியவில்லை. ஸ்டூடியோவில் நடந்த பாட்டு வெளியீட்டில், "இதுல ஒவ்வொரு சத்தமும் என் கற்பனை. எதை வேணா கேளுங்க, அர்த்தம் சொல்றேன்!" என்று மார்தட்டினார்.

அங்கே பெருக்கும் தெய்வானை முன்னே வந்தாள். மூன்று வருஷமாக அவளை "ஏம்மா" என்றே கூப்பிட்டவர் அவர்.

"நடுவுல ஒரு கிழவி, 'தெய்வான, பால் பொங்குது'ன்னு கத்துதே, அது என்ன சார்?"

"தெய்வானைன்னா தாய்மண். பால்னா மக்களோட கோபம்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"தெய்வானைன்னா நான் சார். இந்தப் பாட்டை நான்தானே அடுப்படியில பாடி, போன்ல பதிஞ்சு உங்ககிட்ட குடுத்தேன்? கத்துனது என் மாமியா."

கைதட்டல் பாதியில் நின்றது.

"அன்னிக்குப் பால்தான் வீணாப் போச்சு. பாட்டுலயாவது எங்க பேரைப் போடுங்க."

மறுநாள் போட்டார்கள். முதலில் தெய்வானை, அடுத்து மாமியார். ருத்ரேஷ் மூன்றாவது.