சாமிக்கண்ணுவின் ரொட்டிக்கடை பிரெஞ்சு

நெய்தற்கோட்டை சேதுராய மகாராஜாவுக்கு ஒரு ஆசை வந்தது. அவருக்கு ஆசை வந்தால் யார் தலையாவது உருளும். இந்த முறை உருளப் பார்த்தது, சபையைச் சிரிக்க வைக்கும் உத்தியோகம் பார்த்த சாமிக்கண்ணுவின் தலைப்பாகை.

விஷயம் இதுதான். பிரெஞ்சு பேசும் பன்னிரண்டு நாடுகள் சேர்ந்து ஒரு சபை வைத்திருந்தன. மூன்று வருஷமாக அதன் தலைவர் நாற்காலி காலி. தலைவராக வேண்டுமானால் பன்னிரண்டு தூதர்களும் ஒருசேரக் கை தூக்க வேண்டும். யார் எழுந்து பேசினாலும் மற்றவர்கள் அவருடைய பிரெஞ்சில் குற்றம் கண்டுபிடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். தன் நாட்டுப் பிரெஞ்சுதான் அசல் என்று அவரவருக்கு நினைப்பு.

அந்த வருஷம் சபை நெய்தற்கோட்டை அரண்மனையில் கூடியது. கூடுகிற ஊர்க்காரரும் போட்டியிடலாம் என்பது வழக்கம். "நாற்காலி நம்ம ஊருக்குத்தான்" என்று மகாராஜா ஒற்றைக்காலில் நின்றார்.

அனுப்ப ஆள் இல்லாமலா? துபாஷி மாசிலாமணி இருந்தார். முப்பது வருஷமாக மொழிபெயர்ப்பே தொழில். கனவு காண்பதுகூட பிரெஞ்சில்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். மேடையேறி அரை மணி நேரம் பொழிந்து தள்ளினார். பேச்சு முடிந்தது. ஒரு கைகூட எழவில்லை.

"மூக்கால் பேசுகிறார்" என்றார் பனிநாட்டுத் தூதர்.

"மூக்கே இல்லாமல் பேசுகிறார்" என்றார் பாலைநாட்டுத் தூதர்.

"நீங்கள் இரண்டு பேரும் பேசுவதற்கு இது தேவலை. ஆனாலும் பிரெஞ்சு இல்லை" என்றார் தீவுநாட்டுத் தூதர். அவ்வளவுதான், மூவரும் ஒருவரையொருவர் திருத்த ஆரம்பித்தார்கள். சபை சந்தைக்கடை ஆனது.

மகாராஜாவின் முகம் சிவந்தது. அந்த நேரம் பார்த்துத் தூண் ஓரத்தில் சாமிக்கண்ணு களுக்கென்று சிரித்துத் தொலைத்தார். துபாஷிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மகாராஜா, சிரிக்கிறவருக்கு வழி தெரியும்போல. அவரையே நிற்கச் சொல்லுங்கள்."

"சரியான யோசனை. சாமிக்கண்ணு, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு ஊரைவிட்டுப் போய்விடு."

சாமிக்கண்ணு தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். அரண்மனை உத்தியோகத்தைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்திருந்தார்கள். தலைப்பாகை போனால் கல்யாணமும் போகும். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சோ துறைமுகத்து ரொட்டிக்கடை வரிசையில் நின்று கற்றது, மொத்தம் ஏழெட்டுச் சொல். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று நொந்துகொண்டே மேடையேறினார்.

ஏறியவர் சண்டை போடும் தூதர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, இருந்த சரக்கையெல்லாம் கம்பீரமாக இறக்கினார். "வணக்கம். ரொட்டி ரெண்டு. சூடாக. கருகினது வேண்டாம். நன்றி." அத்தனையும் பிரெஞ்சு. அதாவது, அவர் அப்படித்தான் நினைத்திருந்தார்.

 பன்னிரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பனிநாட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ரொட்டியை அப்படிச் சொல்லக்கூடாது ஐயா, இப்படிச் சொல்லுங்கள்." சாமிக்கண்ணு பணிவாகத் திருப்பிச் சொன்னார். முன்னைவிட மோசமாக வந்தது. பாலைநாட்டார் சொல்லிக்கொடுத்தார். அது இன்னும் மோசம். தீவுநாட்டார் நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று விரலால் காட்டினார். ம்ஹூம்.

சாமிக்கண்ணு துபாஷியைக் கூப்பிட்டார். "ஐயா, நான் கேட்பதை அவர்கள் மொழியில் சொல்லுங்கள். பாலைநாட்டார் பிரெஞ்சு எப்படி என்று பனிநாட்டாரைக் கேளுங்கள்."

துபாஷி வேண்டாவெறுப்பாகக் கேட்டார். பனிநாட்டார் தயங்கவேயில்லை. "இவர் பேசியதைக் கேட்ட பிறகா? பாலைநாட்டார் பிரெஞ்சு தேன்."

பாலைநாட்டாருக்குக் காது குளிர்ந்துவிட்டது. "பனிநாட்டார் பிரெஞ்சு மட்டும் என்ன, சங்கீதம்" என்றார். மூன்று வருஷத்தில் அந்தச் சபையில் ஒருவரை ஒருவர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

"இங்கே இருப்பதிலேயே என் பிரெஞ்சுதான் மட்டம் என்று நினைக்கிறவர்கள் கை தூக்கலாம்" என்றார் சாமிக்கண்ணு, துபாஷி வழியாகவே.

பன்னிரண்டு கையும் சட்டென்று எழுந்தன.

"பெரியோர்களே, மூன்று வருஷமாக எந்த விஷயத்திலாவது இப்படி ஒருசேரக் கை தூக்கியிருக்கிறீர்களா? நான் நாற்காலியில் உட்கார்ந்தால், என் பிரெஞ்சுதான் அசல் என்று யாரும் சொல்லப்போவதில்லை. நானே சொல்லமாட்டேன். சம்மதமானால் தூக்கிய கையை இறக்க வேண்டாம்."

தூதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த நாட்டான் உட்காருவதைவிட இந்த ரொட்டி கேட்டவர் உட்காரட்டுமே என்று ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது. ஒரு கைகூட இறங்கவில்லை. சாமிக்கண்ணு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பாட்டு மணி அடித்தது.

மகாராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "உன் மகள் கல்யாணம் அரண்மனைச் செலவு. வேறென்ன வேண்டும், கேள்."

"துபாஷியாரை எனக்குப் பிரெஞ்சு வாத்தியாராகப் போடுங்கள், மகாராஜா."

துபாஷிக்கு மீசை துடித்தது. "மூன்றே மாதத்தில் கரைத்துப் புகட்டிவிடுகிறேன்."

"ஐயையோ, அதெல்லாம் கூடாது" என்றார் சாமிக்கண்ணு. "இருக்கிற பிழை ஒன்றுகூடக் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. நான் சரியாகப் பேசிய அன்றைக்கே நாற்காலி போய்விடும்."

மகாராஜா துபாஷியின் பக்கம் திரும்பினார். "கேட்டீரா? அவர் வாயிலிருந்து ஒரு சொல் சுத்தமாக வந்தாலும் உம் தலைப்பாகை என் கையில்."